பஞ்சாயத்து வாசலில் நின்றுவிட்ட இன்டர்நெட்

கிராமங்களுக்கு இன்டர்நெட் வந்துவிட்டதென்று சர்க்கார் சொல்லுகிறார்கள். அது பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. வந்தது வாஸ்தவமே. எங்கே வந்தது, யார் வீட்டிற்குள் வந்தது என்று கேட்டால்தான் பதில் தடுமாறுகிறது. திண்டுக்கல் ஜில்லாவில் 306 கிராமப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. கண்ணாடியிழைக் கம்பி பஞ்சாயத்து ஆபீஸை எட்டிவிட்டால் அக்கிராமத்தின் பெயருக்கு எதிரே ‘தயார்’ என்று குறித்துக்கொள்ளுவது டில்லியின் கணக்கு முறை. ஆபீஸிலிருந்து நான்கு தெரு தள்ளிக் குடியிருக்கும் விவசாயிக்கும், வீட்டிலிருந்தே பரீட்சைக்கு மனுப் போட வேண்டிய அவர் மகளுக்கும் அதனால் என்ன லாபம் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே ஒதுக்கப்படவில்லை.

இத்திட்டத்தின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். 2011-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் மத்திய மந்திரி சபை இதை அங்கீகரித்தது. இரண்டரை லட்சம் பஞ்சாயத்துகள், சுமார் 20,000 கோடி ரூபாய் செலவு, இரண்டே வருஷங்களில் வேலை முடியும் என்பது அன்றைய வாக்குறுதி. 2013 வந்தது, போயிற்று. 2015-ல் ‘பாரத்நெட்’ என்று புதுப் பெயர் சூட்டினார்கள். முதல் ஒரு லட்சம் பஞ்சாயத்துகள் முடிவடைந்தது 2017 டிசம்பரில். 2020 ஆகஸ்டு 15-ந் தேதி செங்கோட்டையிலிருந்து பேசிய பிரதம மந்திரி, ஆயிரம் நாட்களுக்குள் ஆறு லட்சம் கிராமங்களையும் கண்ணாடியிழை எட்டுமென்றார். அந்த ஆயிரமாவது நாள் 2023 மே மாதத்தில் ஓசையின்றிக் கழிந்தது. மூன்று மாதங்களுக்குப் பின், ஆகஸ்டு 4-ந் தேதி, 1,39,579 கோடி ரூபாயில் ‘திருத்திய பாரத்நெட்’ திட்டத்திற்கு மந்திரி சபை சம்மதம் அளித்தது. நாட்களை எண்ணத் தொடங்கியவர்கள் கோடிகளை எண்ணுவதில் முடித்தார்கள் என்று யாரேனும் பரிகாசம் செய்தால் அவர்மீது நாம் கோபிக்க முடியாது. ஏனெனில் பணம் பொதுஜனங்களுடையது. தொலைத்தொடர்புக் கம்பெனிகளின் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம் இதற்கென்றே ஒரு நிதியில் சேர்க்கப்படுகிறது. அந்த வருமானம் கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்யும் கூலித் தொழிலாளியிடமிருந்தும் வருவதுதான்.

தமிழ்நாட்டில் நடந்ததும் பெருமைப்படத்தக்கதாக இல்லை. ஏறத்தாழ 1,950 கோடி ரூபாய் டெண்டரில் போட்டியைக் குறுக்கும் நிபந்தனைகள் இருந்தனவென்று புகார் எழுந்து, 2020 ஜூன் மாதத்தில் மத்திய சர்க்கார் அதை ரத்துச் செய்து புதிதாகக் கோரும்படி உத்தரவிட நேர்ந்தது. 12,525 கிராமப் பஞ்சாயத்துகளுக்கான வேலை கன்னியாகுமரி ஜில்லாவில் தொடங்கி வைக்கப்பட்டது 2022 ஜூன் மாதத்தில். இடையில் போன இரண்டு வருஷங்கள், பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்து, பாடமெல்லாம் கைப்பேசி வழியே நடந்த அந்த வருஷங்கள் என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். 2025-ம் வருஷத் தொடக்கத்தில் சர்க்கார் வெளியிட்ட புள்ளிகளின்படி 2 லட்சத்து 14 ஆயிரம் பஞ்சாயத்துகள் ‘சேவைக்குத் தயார்’. இத்திட்டத்தின் வழியே கண்ணாடியிழை இணைப்புப் பெற்ற வீடுகளோ சுமார் 12 லட்சம். வகுத்துப் பார்க்கப் பெரிய கணித ஞானம் வேண்டியதில்லை. பஞ்சாயத்து ஒன்றுக்கு ஆறு வீடுகள்கூடத் தேறவில்லை! பதினான்கு வருஷ உழைப்புக்கும் ஆயிரமாயிரம் கோடிகளுக்கும் கிராமத்திற்கு அரை டஜன் வீடு என்றால், ஊர்ப் பொதுக்குளத்தை வெட்டிவிட்டு ஆறு குடத்திற்கு மட்டும் தண்ணீர் விட்ட கதையாக அல்லவா இருக்கிறது?

இந்தக் கணக்கு வித்தை நமக்குப் புதிதன்று. 1997-ம் வருஷம் வரையில், ஒரு கிராமத்தின் எல்லைக்குள் எந்த உபயோகத்திற்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அது மின்வசதி பெற்ற கிராமமென்று பதிவாயிற்று. ஒரே ஒரு பம்புசெட் ஓடினாலும் கணக்கு நேராகிவிடும். ஊர் முழுவதும் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தாலும் குற்றமில்லை. 2004-ல் விதியைத் திருத்தி, நூற்றுக்குப் பத்து வீடுகளிலாவது விளக்கு எரிய வேண்டுமென்றார்கள். அப்போதும் மிச்சம் தொண்ணூறு வீடு இருட்டில் இருக்கலாம். வீட்டை எண்ணத் தொடங்கிய பிறகுதான் வீட்டிற்கு வெளிச்சம் வந்தது. மின்சாரத்தில் ஐம்பது வருஷம் தட்டுத் தடுமாறிக் கற்ற பாடத்தைக் கண்ணாடியிழையில் முதலிலிருந்து கற்கப் போகிறோமா?

இணைப்புக் கிடைத்த பாக்கியசாலிகளின் நிலைமையாவது சுகமாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. காந்திகிராமத்தைச் சுற்றிலும், ஆத்தூர் வட்டாரத்திலும், சிறுமலை அடிவாரத்திலும் வீட்டு இன்டர்நெட்டை நம்பியிருப்போர் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. சுவரில் ஆணியடித்து மாட்டிய சிறு பெட்டியில் பச்சை விளக்கு எரியும்வரை எவருக்கும் அதன் நினைவே வருவதில்லை. எல்.ஓ.எஸ். என்ற மூன்றெழுத்துக்கு மேலே சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கினால் கஷ்டகாலம் ஆரம்பமாகிறது. ஒளி வந்து சேரவில்லை என்பது அதன் பொருள். கிராமத்தார் அதை ‘லாஸ்’ என்றே படிக்கிறார்கள். நஷ்டமென்று அர்த்தம் கொண்டாலும் பிழையில்லை. இலவச எண்ணுக்குப் போன் செய்தால், பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போடும்படி ஒரு குரல் உபதேசிக்கிறது. இணைப்புக் கொடுத்த கேபிள்காரரைக் கேட்டால், கோளாறு கம்பெனிப் பக்கம் என்கிறார். கம்பெனியோ உள்ளூர் ஆள் வந்து பார்ப்பார் என்கிறது. கம்பத்தில் கம்பி அறுந்து தொங்குகிறதென்று மின்வாரியத்தாரிடம் போனால், அதைக் கட்டியது தாங்களன்று என்கிறார்கள். பஞ்சாயத்துக் காரியதரிசிக்கோ அந்தப் பெட்டி எந்த ரிஜிஸ்தரில் இருக்கிறதென்றே தெரிவதில்லை. இவர்களில் ஒவ்வொருவர் சொல்லுவதும் தனித்தனியே உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மாதம் பிறந்தால் பில் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முற்காலத்து டெலிபோனுக்குச் செப்புக் கம்பி வழியாகவே எக்ஸ்சேஞ்சின் பாட்டரியிலிருந்து மின்சாரம் வந்தது. ஊரெங்கும் கரண்ட் போனாலும் மணி அடித்தது. கண்ணாடியிழையில் ஒளி போகுமே தவிர மின்சாரம் போகாது. ஆகையால் வீட்டில் கரண்ட் போன கணமே பெட்டி ஊமையாகிறது. புயல் மழையில் ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டிய நேரமும் அதுதான். பல மணி நேரம் தாங்கும் சிறு பாட்டரி ஒன்றைப் பெட்டியோடு சேர்த்துக் கொடுப்பது பெரிய வித்தையன்று, கொடுக்கத்தான் ஆளில்லை. மின்னழுத்தம் ஏறி இறங்கி அடாப்டர் எரிந்துபோனால், பெட்டி யாருடைய சொத்து, மாற்றிக் கொடுப்பது யார் கடமை என்று வழக்குத் தொடங்குகிறது. கம்பெனியை மாற்றலாமென்றால், பல சமயங்களில் பழைய பெட்டி புதிய கம்பெனிக்கு ஒத்துக்கொள்ளுவதில்லை. பூட்டுக்குப் பேர்போன இந்த ஜில்லாவில் சாவியில்லாத பூட்டை எவரும் விலைகொடுத்து வாங்கமாட்டார்கள். அதையொத்த பெட்டியை மட்டும் மறுபேச்சின்றி வாங்கிக்கொள்ளும்படி ஆகிவிட்டது.

நம்மவர்களால் முடியாத காரியமுமன்று இது. 1984-ல் ஏற்பட்ட ஸி-டாட் ஸ்தாபனம், கிராமங்களுக்கென்றே சிறு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளை உருவாக்கிற்று. குளிர்சாதன அறை தேவையில்லாமல், நமது வெயிலையும் தூசியையும் தாங்கி அவை வேலை செய்தன. கிராமம் எப்படியிருக்கும் என்பதை முதலில் யோசித்துவிட்டுப் பிறகு கருவியைச் செய்தார்கள். பாரத்நெட்டின் முதல் கட்டத்திலும் அதே ஸ்தாபனத்தின் சுதேசித் தொழில் நுட்பமே கையாளப்பட்டது. ஆனால் அந்த யோசனை பஞ்சாயத்து ஆபீஸோடு நின்றுவிட்டது; குடியானவன் வீட்டுக் கூடம்வரை வரவில்லை.

கம்பி போகும் வழியும் கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் கம்பி பெரும்பாலும் மின்கம்பங்களின் மீதே செல்லுகிறது. செலவு குறைவு, வேலை துரிதம் என்பது நியாயமே. ஆயினும் மேலே கட்டியது காற்றுக்கும் மரக்கிளைக்கும் சிறுமலைக் குரங்குகளுக்கும் பொதுச் சொத்தாகிறது. மண்ணில் புதைத்த இடத்திலோ, சாலை அகலப்படுத்துவோரும் குடிநீர்க் குழாய் போடுவோரும் அறுத்துவிடுகிறார்கள். தோண்டுவதற்கு முன் தெரிவிக்கும்படி 2023 மார்ச்சில் மத்திய சர்க்கார் ஒரு செயலியையே வெளியிட்டார்கள். மண்வெட்டி இயந்திரத்தை ஓட்டுகிறவர் அதைப் பார்த்துவிட்டா இறங்குகிறார்? முந்தைய அமைப்பில் ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து கம்பி ஒரே நீட்டாய்ப் போயிற்று. நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கப்பாலுள்ள ஊர்களெல்லாம் இருண்டன. 2023-ம் வருஷத் திட்டம் அதை வளையமாக மாற்றுவதாகச் சொல்லுகிறது. ஒரு பக்கம் அறுந்தால் மறு பக்கத்தால் வரும். இதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஐந்து வருஷங்களில் ஒன்றரைக் கோடி கிராம வீடுகளுக்கு இணைப்புக் கொடுப்பதாகவும் அதில் சொல்லியிருக்கிறார்கள். வீடு என்ற சொல் திட்டத்தின் முன்வரிசைக்கு வந்ததே நல்ல சகுனம். ஆனால் சொல் வந்துவிட்டதனால் கம்பி வந்ததாகாது.

செல்வம் மிகுந்த தேசங்களும் இந்தக் கடைசி நூறு கஜத்தில்தான் இடறி விழுந்தன. ஆஸ்திரேலியா சர்க்கார் 2009-ல் நூற்றுக்குத் தொண்ணூறு கட்டிடங்களுக்குக் கண்ணாடியிழையை நேரே கொண்டுபோவதாகச் சபதம் செய்தார்கள். 2013-ல் ஆட்சி மாறியது. புதியவர்கள் செலவைக் குறைக்க எண்ணி, பல இடங்களில் தெருமுனையோடு கண்ணாடியிழையை நிறுத்தி, மீதித் தூரத்திற்குப் பழைய செப்புக் கம்பியையே வைத்துக்கொண்டார்கள். வேகம் இல்லையென்று வீட்டுக்காரர்கள் முறையிட்டால், மொத்தமாக நடத்தும் ஸ்தாபனம் சில்லறைக் கம்பெனியைக் காட்டியது; சில்லறைக் கம்பெனி ஸ்தாபனத்தைக் காட்டியது. கடைசியில் 2020-ல் வேலை முடிந்ததென்று அறிவித்த அதே வருஷத்தில், செப்பை எடுத்துவிட்டுக் கண்ணாடியிழை போட மறுபடியும் கோடிக்கணக்கில் டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. சிக்கனமென்று நினைத்தது இரட்டைச் செலவில் முடிந்தது. நமக்கு அந்தப் பணமும் இல்லை, அத்தனை காலமும் இல்லை.

சட்டம் குடிமகனைக் கைவிட்டுவிடவில்லை. 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டத்தில் மத்தியஸ்தத்திற்கு வழி இருப்பதால் டெலிபோன் வழக்குகள் நுகர்வோர் மன்றத்திற்கு வரக்கூடாதென்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2022 பிப்ரவரியில் அதே கோர்ட்டு அந்தக் கதவைத் திறந்துவிட்டது. இன்று திண்டுக்கல்லிலுள்ள நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் எவரும் மனுச் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்திற்குக் கட்டணமும் இல்லை. இன்டர்நெட்டைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்குமென்று கேரள ஹைகோர்ட்டு 2019-லும், டிஜிட்டல் வசதிகளை எட்டப் பெறுவது உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்ததென்று சுப்ரீம் கோர்ட்டு 2025 ஏப்ரலிலும் கூறியிருக்கின்றன. தீர்ப்புகள் மிகவும் சிறந்தவையே. ஆனால் ஐந்நூறு ரூபாய் பில்லுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆணையத்தின் வாசலில் நிற்க எத்தனை பேரால் முடியும்? வக்கீல் தொழிலை அறிந்தவர்கள் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியதில்லை.

இது வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு விவகாரமென்று இன்னமும் எண்ணுகிற நண்பர்கள் தேசத் தொண்டர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லுவோம்: பட்டா நகலும் சான்றிதழ்களும் இன்று இன்டர்நெட் வழியே வருகின்றன. ரேஷன் கடையில் விரல் ரேகை இயந்திரம் வலையைத் தேடி விழிக்கிறது. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையின் வருகைப் பதிவையே கைப்பேசிச் செயலியில் செய்ய வேண்டுமென்று மத்திய சர்க்கார் கட்டாயப்படுத்தினார்கள். சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை வெளியூர் வாங்குவோர் கண்ணில் படுவதும் கைப்பேசித் திரையில்தான். குடிமகன் சர்க்காரிடம் வரும் வழியையெல்லாம் இந்த ஒரு கம்பிக்குள் அடைத்துவிட்டு, கம்பி அறுந்தால் நாங்கள் பொறுப்பல்லவென்று சொல்லுவது எந்த நியாயம்?

1947 அக்டோபரில் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை ஆரம்பித்தபோது, கிராமத்திற்கு வேண்டிய மருத்துவச்சியையும் ஆசிரியரையும் கைத்தொழிலாளியையும் கிராமத்திலிருந்தே எடுத்துப் பழக்குவதென்பதே முறையாயிருந்தது. அறுந்த கண்ணாடியிழையை ஒட்டவைக்கும் வேலையும் கைத்தொழில்தான். கருவியும் சில வாரப் பயிற்சியும் இருந்தால் படித்த எந்த வாலிபரும், யுவதியும் செய்யலாம். 1956 முதல் கிராமக் கல்வியை நடத்திவரும் இங்குள்ள கிராமியப் பல்கலைக்கழகம் இப்பயிற்சியை ஏற்று நடத்தினால் அதற்கு முற்றிலும் பொருந்தும். நான்கைந்து பஞ்சாயத்துகளுக்கு ஒருவர், அவர் கையில் ஒட்டும் இயந்திரம், ஒன்றிய ஆபீஸில் மாற்றுப் பெட்டிகள், பழுது தீராத நாட்களுக்குக் கட்டணம் தானாகவே கழிய ஏற்பாடு: திருத்திய திட்டத்தின் பெருந்தொகையில் இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

கிராம சபைகள் கூடும் நாட்களில் தொண்டர்கள் வெறுங்கையோடு போகவேண்டாம். நமது பஞ்சாயத்தில் எத்தனை வீடுகளுக்குக் கண்ணாடியிழை இணைப்பு இருக்கிறது, சென்ற மூன்று மாதத்தில் அது எத்தனை நாள் வேலை செய்யவில்லை, பழுதுபார்க்கும் பொறுப்பாளர் பெயர் என்ன என்ற மூன்று கேள்விகளையும் எழுதிக் கொடுத்து, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதியும்படி கேட்க வேண்டும். பதில் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லையென்றே பதியச் செய்து, அதன் நகலைக் கலெக்டருக்கு அனுப்ப வேண்டும்.