நிறம் போனால் நீர் தூய்மையாமோ?

பசுவந்தனைக் கரிசல் மண்ணில் வாழும் நமக்கு உவர்நீரின் துயரை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பளிங்கெனத் தெளிந்த கிணற்று நீரும் நாவில் கரிக்கும், பயிரை வாட்டும். தெளிவு வேறு, தூய்மை வேறு என்பது நாம் பட்டறிந்த பாடம்.

கழிவுநீரைச் செம்மைப்படுத்தும் பிளாஸ்மா முறையையும் இப்பாடத்தைக் கொண்டே எடைபோடல் தகும். திடம், திரவம், வாயு ஆகியவற்றுக்கு அடுத்த நான்காம் நிலை பிளாஸ்மா. வானத்து மின்னலே அதற்குச் சான்று. உயர் மின்னழுத்தத்தால் நீர்ப்பரப்பின்மேல் அதனை எழுப்பினால், ஓசோன் முதலியன தோன்றித் தோலுக்கும் துணிக்கும் ஏற்றும் சாயத்தின் மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன, கிருமிகளையும் அழிக்கின்றன. போற்றத்தக்க அறிவியலே! ஆயினும், நீரில் கரைந்த உப்பை அஃது அகற்றுவதில்லை.

பாலாற்றங்கரையை நோக்குவோம். வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் தொழில் நம் சமுதாயத்தார் பலருக்கு வாழ்வளித்தது. அதன் கழிவோ கிணறுகளையும் விளைநிலங்களையும் கெடுத்தது. மாசு செய்தோரே ஈடு செய்தல் வேண்டும் என 28.8.1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் கெடாதிருக்கத் தூவும் உப்பு அக்கழிவின் பெருஞ்சுமைகளுள் ஒன்று. நிறத்தை மட்டும் நீக்கி ஆற்றில் விட்டால் கண்ணை ஏமாற்றலாம். மண்ணை ஏமாற்ற இயலாது.

ஓடும் ஆற்றில் ஒளுச் செய்யினும் நீரை வீணாக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. வீணாக்கலே தகாதெனில், பிறர் பருகும் நீரைக் கெடுத்தல் தகுமோ? உப்பகற்றும் முறைகளுக்குப் பிளாஸ்மாவைத் துணையாகக் கொள்வோம், மாற்றாகக் கொள்ளோம். தொழில் நடத்தும் பெரியோர் இதனை உணர்க, மாணவர் ஆய்க.