ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அன்று

கழுத்திலோ கையிலோ தோன்றும் ஒரு சிறு கட்டி, குடும்பம் முழுவதன் உறக்கத்தையும் கெடுத்துவிடுகிறது. ‘பெட் ஸ்கேன்’ படத்தில் அக்கட்டி ஒளிர்கிறது என அறிக்கை வந்துவிட்டாலோ, தீர்ப்பே வந்துவிட்டதாக நாம் கலங்குகிறோம். நரம்புக் கட்டிகளைப் பொறுத்தமட்டில் இக்கலக்கம் பல வேளைகளில் தேவையற்றது.

நரம்பிழைகளை உறைபோல் சூழ்ந்து காக்கும் உயிரணுக்கள் உண்டு. அவற்றை விவரித்தவர் தியோடோர் சுவான் (1810–1882). ஜெர்மனியில் பிறந்து, பெல்ஜியத்தின் லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த இறைப்பற்றுமிக்க அறிஞர் அவர். அவ்வுயிரணுக்களில் எழும் கட்டி அவர் பெயராலேயே ‘சுவானோமா’ எனப்படுகிறது. அது மெல்ல வளர்வது, பெரும்பாலும் தீங்கற்றது. ‘நியூரோஃபைப்ரோமடோசிஸ்’ முதல் வகை என்பது மரபணுக் கோளாறு. ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. இவர்களுக்கு உடலில் பல நரம்புக் கட்டிகள் தோன்றும். நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில், வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டி புற்றாக மாறக்கூடும். அது எக்கட்டி எனத் தேடவே பெட் ஸ்கேன் பெரிதும் உதவுகிறது.

குளுக்கோஸை ஒத்த ஒரு பொருளில் கதிரியக்க ஃப்ளூரினைச் சேர்த்து ஊசிவழி செலுத்துவர். 110 நிமிடங்களில் அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும். சர்க்கரையை மிகுதியாக ஈர்க்கும் உறுப்புகள் படத்தில் ஒளிரும். புற்று ஒளிர்வது இதனாலேயே. ஆனால் நலமான மூளையும் ஒளிரும். காசநோய் கண்ட நெறிக்கட்டியும் ஒளிரும். தீங்கற்ற சுவானோமாவும் சில வேளைகளில் புற்றுக்கு நிகராக ஒளிரும்.

ஆகவே, படம் வழிகாட்டியேயன்றி நீதிபதி அன்று. கட்டி மங்கலாகத் தெரிந்தால் பெரிதும் ஆறுதல் கொள்ளலாம். மிகுதியாக ஒளிர்ந்தால், நோய்க்குறிகளையும் எம்.ஆர்.ஐ. படத்தையும் ஒப்புநோக்கி, கட்டியில் சிறிது திசுவெடுத்துப் பரிசோதிப்பர். முடிவு கூறுவது அப்பரிசோதனையே. இதில் பொறுமை மிகவும் வேண்டும். ஏனெனில், சுவானோமாவைப் பெரும்பாலும் நரம்பைக் காத்தே அகற்றிவிடலாம். புற்றெனத் தவறாகக் கருதி நரம்போடு வெட்டினால், கையோ காலோ செயலிழக்க நேரிடும்.

எனினும் பொறுமை வேறு, அசட்டை வேறு. நீங்காத வலி, விரைவான வளர்ச்சி, கட்டி இறுகுதல், மரத்துப்போதல், தசைத் தளர்ச்சி ஆகியவை தோன்றினால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாட வேண்டும்.

இறுதியாக ஒன்று. இந்நோய் தொற்றுவதன்று. 2013 நவம்பரில் புனித பேதுரு சதுக்கத்தில், முகமெங்கும் இத்தகைய கட்டிகள் கொண்ட ஒருவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் தயக்கமின்றி அணைத்துக்கொண்டார். நம் பங்கிலும் அத்தகையோர் இருக்கக்கூடும். ஆலயத்தில் அவர்கள் அருகே அமர நாம் தயங்கலாமா? நோயைக் கண்டறிவது மருத்துவரின் கடமை. நோயுற்றோரை உடன்பிறப்பாய் ஏற்பது நமது கடமை.