பள்ளிக் கூரைக்கு ஆண்டுதோறும் நிதி வேண்டும்: அமைப்பின் நிலைப்பாடு

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிக் கட்டடங்களைப் பழுதுபார்க்க வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு வேண்டும். அதற்கான தொகை கட்டடத்தின் பரப்பையும் வயதையும் வைத்துக் கணக்கிடப்பட்டு, கேட்காமலேயே ஆண்டுதோறும் வந்து சேர வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளிகளின் கட்டடங்களுக்கும் நிபந்தனையோடு பொது நிதி தர வேண்டும். நெடிய விவாதத்துக்குப் பின் எங்கள் அமைப்பு எடுத்திருக்கும் நிலைப்பாடு இது.

இன்று நிதி எப்படி வருகிறது? உயிர்கள் போன பிறகுதான் அரசு அசைகிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீக்கு இரையான பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் மாநிலம் முழுவதும் பாழடைந்த கட்டடங்கள் கணக்கெடுக்கப்பட்டு இடிக்கப்பட்டன. 2025 ஜூலையில் ராஜஸ்தானின் ஜாலாவார் மாவட்டத்தில் பள்ளிக் கூரை விழுந்து ஏழு குழந்தைகள் மாண்டார்கள். அதன் பிறகு அங்கும் ஆய்வுக்கான உத்தரவுகள் பறந்தன.

கூரை திடீரென்று விழுவதில்லை. மொட்டை மாடியின் மழைநீர் வடிகுழாயை இலைச்சருகு அடைக்கிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி, தளத்துக்குள் இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு ஏறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. முதலில் ஈரக்கறை, பிறகு காரை உதிர்தல், பிறகு வெளியே தெரியும் கம்பி. முதல் இரண்டு ஆண்டுகளில் தளத்தைச் செப்பனிட்டுத் தட்டோடு பதித்தால் முடிந்துவிடும் வேலை, பத்தாண்டு கழித்துக் கட்டடத்தையே இடிக்கும் செலவாகிறது.

அந்த முதல் இரண்டு ஆண்டுகளில் தலைமையாசிரியரின் கையில் என்ன இருக்கிறது? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிகளின்படி 30 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் மானியம். 31 முதல் 100 பேர் வரை 25,000. மின்கட்டணம், கற்பித்தல் பொருள்கள், குடிநீர், துப்புரவு எல்லாவற்றுக்கும் இதே பணம்தான். கட்டடப் பழுதும் இதற்குள்தான். ஒரு காலத்தில் நூறு பிள்ளைகள் படித்த நான்கு அறைப் பள்ளியில் இன்று 25 பேர் படிக்கலாம். பிள்ளைகள் குறைந்ததால் கூரையின் அகலம் குறைந்துவிடவில்லை. தலையை எண்ணித் தரும் மானியம் மிகப் பழைய, மிகச் சிறிய கிராமப் பள்ளிகளைத்தான் கைவிடுகிறது. பிறகு அதே இடிபாட்டைக் காட்டி, சேர்க்கை இல்லை என்று பள்ளியை மூடும் பேச்சும் எழுகிறது. இதை அமைப்பு ஏற்கவில்லை.

அந்தச் சிறு மானியமும் நிச்சயமில்லை. அதே திட்டத்தின் கீழ் 2024-25 ஆம் ஆண்டுக்கு ஒன்றிய அரசு தர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய், பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதற்காக நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கல்விக் கொள்கையில் இரு அரசுகளும் எவ்வளவு வேண்டுமானாலும் மோதிக்கொள்ளட்டும். ஒழுகும் வகுப்பறைக்கான பணம் அந்த மோதலில் பிணையாகக் கூடாது.

பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று 2022-23 வரவு செலவுத் திட்டம் அறிவித்ததை அமைப்பு மனமார வரவேற்றது. புதிய வகுப்பறைகள் எழுந்தது உண்மை. ஆனால் இன்று திறக்கும் கட்டடத்துக்கும் இருபது ஆண்டில் வயதாகும். அதைக் காக்கும் தொகையைக் கட்டும் நாளிலேயே ஒதுக்க வேண்டும். ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாக முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் தரும் நன்கொடை பெருமைக்குரியது. நூலகத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் அது போகட்டும். வெளிநாட்டில் சம்பாதிக்கும் பழைய மாணவர் இல்லாத ஊரிலும் குழந்தைகள் படிக்கிறார்கள். அவர்களின் தலைக்கு மேலிருக்கும் கூரை அரசின் கடமை.

அமைப்புக்குள் அதிகம் வாதிக்கப்பட்டது உதவி பெறும் பள்ளிகளைப் பற்றி. ஆசிரியர் சம்பளம் அரசுடையது. கட்டடமோ நிர்வாகத்தின் பொறுப்பு. நூறாண்டு கண்ட ஓட்டுக் கட்டடங்களும் மெட்ராஸ் டெரஸ் தளங்களும் பல இத்தகைய பள்ளிகளில்தான் இருக்கின்றன. தனியார் நிலத்தில் மக்கள் பணத்தைக் கொட்டலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். காலை உணவுத் திட்டத்தை 2024-ல் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025-ல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் அரசே விரிவாக்கியது. குழந்தையின் தட்டு வரை வந்த அரசு கூரைக்கு வரத் தயங்கக் கூடாது. சொத்தை விற்கவோ வணிகத்துக்கு மாற்றவோ கூடாது, மாறினால் பணம் திரும்ப வேண்டும் என்று பத்திரத்தில் பதிந்துவிட்டு, செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கலாம். கும்பகோணம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-ல் தந்த தீர்ப்பு, கல்வி உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளிக்கான உரிமையும் அடங்கும் என்றது. அந்த உரிமை நிர்வாகத்தின் பெயரைப் பார்த்து மாறாது.

இன்னொரு கோரிக்கை உடனே நிறைவேறக் கூடியது. 2021-க்குப் பிறகு கட்டடம் இடிக்கப்பட்ட பல ஊர்களில் வராந்தாவிலும் மரத்தடியிலும் வகுப்பு நடந்தது. இனி இடிக்கும் உத்தரவிலேயே மாற்று இடமும், புதுக் கட்டடம் முடியும் தேதியும் இருக்க வேண்டும்.

பழுதை யாரிடம் சொல்வது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஆசிரியர் கல்வித் துறையைச் சேர்ந்தவர், கட்டடம் ஒன்றியத்துடையது. தலைமையாசிரியரின் மனு இரண்டு அலுவலகங்களுக்கிடையே அலைகிறது. அதனால் ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பருக்குள் பொறியாளர் ஒவ்வொரு பள்ளியையும் பார்த்து, கூரை, மின்கம்பி, கழிப்பறை, சுற்றுச்சுவர், சாய்தளம் பற்றிய அறிக்கையைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் தமிழில் எழுத்து மூலம் தர வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர். அறிக்கை கேட்டுத் தீர்மானம் போடும்படி அவர்களை அமைப்பு கேட்டுக்கொள்கிறது. தீர்மானத்தின் நகல்களைத் திரட்டி மாவட்ட ஆட்சியர்களிடமும் நிதித் துறையிடமும் கொடுக்கும் பொறுப்பை அமைப்பு எடுத்துக்கொள்ளும்.