அடிக்கும் முன்பே பேசிவிடலாம்

மன்னார் வளைகுடாவில் காற்றாலைத் தூண் ஒன்றுகூட இன்னும் இறங்கவில்லை. குஜராத், தமிழ்நாடு கடற்பகுதிகளில் தலா 500 மெகாவாட் நிறுவுவதற்கான நிதியுதவித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. பேசித் தீர்க்க நமக்கு அவகாசம் இருக்கிறது.

கச்சான் (தென்மேற்கு) காற்று தரும் மின்சாரத்தை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை. ஆனால், கடலடியில் இரும்புத் தூணை அறைந்து இறக்கும் ஓசை தண்ணீரில் விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் பாயும். ஜெர்மனியின் வடகடலில் 2009இல் ஆல்ஃபா வெண்டுஸ் காற்றாலைக்குத் தூண் அடித்தபோது, கடற்பன்றிகள் சுமார் 20 கி.மீ. தொலைவு வரை விலகிப் போயின. ஆவுளியா (கடல்பசு) மேயும் கடலில் தொழில் செய்பவர்கள், மீன் எங்கே போகும், எப்போது திரும்பும் என்று கேட்பது நியாயமே.

ஜெர்மனி வேலையை நிறுத்தவில்லை. தூணிலிருந்து 750 மீட்டரில் ஓர் அடியின் ஓசை 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. (நீருக்கடி டெசிபலுக்கு அளவுகோல் வேறு, தெரு ஒலிபெருக்கியோடு ஒப்பிட வேண்டாம்.) தொடக்கத்தில் அதை எட்டவே திணறினார்கள். இப்போது தூணைச் சுற்றித் துளையிட்ட குழாயைக் கடலடியில் பரப்பி, கப்பலிலிருந்து அழுத்தக் காற்றைச் செலுத்துகிறார்கள். மேற்பரப்பு வரை எழும் குமிழித் திரையில் ஓசை பெருமளவு அடங்கிவிடுகிறது.

நமக்குத் தொழில்நுட்பத்தைவிட நாள்காட்டிதான் சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாளில் வேலையை முடித்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று தோன்றும். ஆனால், அந்தத் தடையே மீன்களின் இனப்பெருக்கத்துக்காகத்தான். அப்போது கடலடியை அதிரவைத்தால், மீனவர்கள் வருமானத்தை விட்டுக் காத்திருப்பதற்கே அர்த்தமில்லாமல் போகும். அடுத்து கச்சான் மாதங்கள்; கடல் கொந்தளிக்கும், கட்டுமானக் கப்பல் நின்று வேலை பார்ப்பது கடினம். மிஞ்சுவது மீன்பிடி நாட்கள்தான். அதில் சில வாரங்களை மீனவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டிவரும். அதற்கான நிவாரணம், நாட்டுப்படகுக்காரர்களுக்கும் சேர்த்து, முன்கூட்டியே முடிவாக வேண்டும்.

ஓசை வரம்பும் குமிழித் திரைச் செலவும் ஒப்பந்தப்புள்ளியிலேயே இருந்தால் எல்லா நிறுவனங்களும் ஒரே கணக்கில் விலை சொல்லும். பிறகு சேர்த்தால் தகராறுதான். பதிவாகும் ஓசை அளவு அன்றன்றே மீனவர் சங்கங்களுக்குத் தமிழில் போய்ச் சேரட்டும். வரம்பு மீறினால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதையும் அந்தச் சங்கங்களை உட்காரவைத்தே எழுதலாம்.