பிஸீனும் கிணற்றடியும்

கிணற்றடி என்று ஒரு இடம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கிணற்றைச் சுற்றி நாலடி அகலத்துக்கு சிமெண்ட் தளம். ஓரமாகத் துவைக்கிற கல். தளம் பார்வைக்குச் சமமாக இருக்கும்; தண்ணீருக்கு மட்டும் தெரியும், எந்தப் பக்கம் சாய்கிறது என்று. குளித்தது, துவைத்தது, பாத்திரம் கழுவியது எல்லாம் தானாக வாழை மரத்துக்குப் போய்ச் சேரும். ஒரு சொட்டு கிணற்றுக்குள் திரும்பாது. இத்தனைக்கும் அதைப் போட்ட கொத்தனார் எந்தக் காலேஜ் வாசலையும் மிதித்ததில்லை.

இப்போது கிணறு இருந்த இடத்தில் நீச்சல் குளம் வருகிறது. கிணற்றடிக்குப் பதில் 'பேட்டியோ'. வரட்டும், காசு உள்ளவர்கள் நீந்தட்டும். எனக்கு ஆட்சேபம் குளத்தின் மேல் இல்லை. குளத்துக்கு ஒரு காண்டிராக்டர், தரைக்கு இன்னொருவர், இரண்டு பேரும் ஜென்மத்தில் முகம் பார்த்துக்கொள்ளாமலே பில் கொடுத்துவிட்டுப் போகிறார்களே, அதில்தான்.

என் பெரியப்பா மகன் பாரீஸில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு, தேங்காய்த்திட்டில் மனை வாங்கி வீடு கட்டுகிறார். பின்பக்கம் ஒரு 'பிஸீன்'. பிரெஞ்சுக்காரர்கள் நீச்சல் குளத்தை அப்படித்தான் சொல்வார்களாம். எட்டு மீட்டருக்கு நாலு மீட்டர், ஆழம் 1.2. குழி வெட்டுவதற்கு முன்பே அண்ணி தரைக்குக் கல் பார்த்துவிட்டார். பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட். குனிந்து தலை வாரிக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு.

"கல்லு எப்படி இருக்கு தம்பி?"

"ஜோரா இருக்கு அண்ணி. இதுல பெரியம்மா எப்படி நடப்பாங்க?"

பெரியம்மாவுக்கு 78 வயசு. ஈரக்கால், பாலிஷ் கல், வயசான இடுப்பெலும்பு. இந்த மூன்றும் சந்திக்கக் கூடாது. போதாக்குறைக்குக் கறுப்பு வேறு. சித்திரை மாச மத்தியானத்தில் அதன்மேல் வெறுங்காலோடு நின்றால் தீமிதிக்குத் தனியாகக் காப்பு கட்ட வேண்டாம். கடப்பா கல் மலிவுதான்; அதுவும் கறுப்பு, அதோடு சுண்ணாம்புக் கல் வகை. குளத்துத் தண்ணீரைச் சரிக்கட்ட ஊற்றுகிற ஆசிட் ஒரு துளி சிந்தினாலும் வெள்ளைத் தேமல் விழும். தந்தூர் கல் வெளிர் நிறம், சூடு குறைவு, ஆனால் ஆசிட்டுக்கு அதே ஜாதகம். தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய சாம்பல் நிற கிரானைட் கிடைக்கிறது. அழகில் மார்க் குறையும். வழுக்காது.

அண்ணி முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் கல்லை முதலில் பார்த்தது நல்ல விஷயம் என்றே சொல்வேன். கல்லின் கனம் தெரிந்தால்தான் குளத்துச் சுவரை எந்த மட்டத்தில் நிறுத்துவது என்று தெரியும். முதலில் தேர்ந்தெடுத்து, கடைசியில் பதிக்க வேண்டும். நடுவில் இருக்கிற வேலையில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். குழாய்களை அழுத்தம் ஏற்றிச் சோதிக்காமல் தளம் போட்டால், நாளைக்கு ஒரு கசிவுக்காக முழுத் தளத்தையும் பெயர்க்க வேண்டிவரும். சுவருக்கு வெளியே கொட்டிய மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி இடித்து இறுக்க வேண்டும். கிரகப்பிரவேச நாள் நெருங்குகிறது என்று அதன்மேல் கல்லைப் பதித்தால், அடுத்த மழையில் மண் இறங்கி, கல் குளத்துப் பக்கம் சாய்ந்து, முற்றத்துக் குப்பையெல்லாம் குளத்துக்குள் ஸ்நானத்துக்கு இறங்கும். சாய்வு வெளிப்பக்கமாக, மீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர். அந்த முனையில் ஒரு வாய்க்கால்.

இன்னொன்று: குளத்தின் விளிம்புக் கல்லுக்கும் தரைக் கல்லுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விட்டு, நெகிழ்கிற ஸீலண்ட்டால் அடைக்க வேண்டும். குளமும் தரையும் வெயிலிலும் மழையிலும் ஒரே மாதிரி அசையாது. அழகுக்காக அதில் வெள்ளை சிமெண்ட் பூசுகிற கை நம் ஊரில் அதிகம். கல் வெடித்த பிறகு குவாரியைத் திட்டுவார்கள்.

இதையெல்லாம் தூக்கி அடித்தார் மேஸ்திரி.

"ஆத்தோரம் பூமி சார். கொஞ்சம் தோண்டினாலே தண்ணி எட்டிப் பார்க்குது. மழைக்காலத்துல தொட்டிய காலி பண்ணிடாதீங்க, மெதந்துடும்."

கான்கிரீட் தொட்டி மிதக்குமா? பி.காம். படித்தவனுக்கு வேறென்ன தெரியும், ஐந்தொகை போட்டேன். 20 சென்டிமீட்டர் கன கான்கிரீட் என்றால் காலித் தொட்டியின் எடை சுமார் 33 டன். நிலத்தடி நீர் விளிம்பு வரை ஏறினால் அது தொட்டியை மேலே தள்ளுகிற சக்தி ஏறக்குறைய 50 டன். பற்றும் வரவும் எந்த ஆடிட்டர் வந்தாலும் பொருந்தாது. நிறைந்திருந்தால் உள்ளே இருக்கும் 38 டன் தண்ணீரே உட்கார்ந்து அழுத்திக்கொள்ளும். காலியாக இருந்தால் தொட்டி கிளம்பும். சுற்றிப் பதித்த கல்லையும் கூடவே தூக்கிக்கொண்டு.

"அதெல்லாம் எப்பவோ ஒரு தடவை" என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. தெருவுக்கும் ஆற்றுக்கும் வித்தியாசம் தெரியாத அந்த நேரத்தில், சுத்தம் செய்கிறேன் என்று யாராவது குளத்தைக் காலி செய்திருந்தால்? அடியில் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காலி செய்யும் பேச்சே கூடாது. அண்ணன் "மெர்சி" என்று மேஸ்திரியின் கையைக் குலுக்கினார். அவர் அட்வான்ஸ் என்று நினைத்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரிக்கமேடு. 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது சுவர் எழுப்பிய முற்றங்களும், அவற்றோடு சேர்த்துக் கட்டிய செங்கல் தொட்டிகளும், தண்ணீர் வரவும் வடியவும் செங்கல் வாய்க்கால்களும் கிடைத்தன. துணிக்குச் சாயம் போடும் தொட்டிகள் என்று அவர் நினைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைச் சந்தேகித்தார்கள். எதற்கோ இருக்கட்டும். முற்றம், தொட்டி, வாய்க்கால் மூன்றையும் ஒரே கணக்கில் கட்டியிருக்கிறார்கள். இரண்டு காண்டிராக்டர்கள் இருந்ததற்குத் தடயம் எதுவும் அகப்படவில்லை.

அண்ணி சாம்பல் கல்லுக்குச் சம்மதித்துவிட்டார். கறுப்பு கிரானைட் சமையல் மேடைக்குப் போனது போக நாலு பலகை மிச்சம். கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள், வண்டிக்கூலி உங்களுடையது.