வெட்டிய மாங்கிளை: சிமென்ட் பூசலாமா?

கும்மிடிப்பூண்டி வாசகர் ஒருவர், தொடைப் பருமன் மாங்கிளையை வெட்டி ஓராண்டாகியும் வெட்டுவாய் மூடவில்லை, மழைநீர் இறங்கி உளுக்கிறது, சிமென்ட் பூசலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். சிமென்ட்டுக்கு அடியில் ஈரம் தங்கி அழுகல்தான் கூடும். மரக்காயம் நம் தோல்போல ஆறுவதில்லை. ஓரப்பட்டை தடித்து உள்நோக்கி வளர்ந்துதான் மூடும். முளை துருத்திக்கொண்டிருந்தால் பட்டை அதன்மேல் ஏறாது. பலரும் தவறுவது இங்கேதான். கிளையடியில் புடைத்திருக்கும் வளையத்தைக் காயப்படுத்தாமல், அதை ஒட்டி முளையை அறுக்க வேண்டும். உளுத்ததை மட்டும் சுரண்டி, அன்றே போர்டோ பசை தடவலாம்.

மயில்துத்தம் 1 கிலோவை 5 லிட்டர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவை இன்னொரு 5 லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியே கரைத்துக் கலக்க வேண்டும். இரும்பு வாளி ஆகாது. மறுநாளைக்கு வைக்கவும் கூடாது.

இனிப் பெரிய கிளை வெட்டுவதானால், காய்ப்பு முடிந்த கையோடு, ஐப்பசி மழைக்கு முன்பே வெட்டிவிட வேண்டும்.