சுகர் நோட்டில் இல்லாத கேள்வி

வயிற்றுப் பருமனில் இந்தியாவிலேயே முதலிடம் புதுச்சேரிக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க நடத்தி 2023இல் வெளியிட்ட நீரிழிவு ஆய்வின்படி, இங்கே வயது வந்தவர்களில் 61.2 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன். உடல் பருமன் 53.3 சதவீதம், அதிலும் நாம்தான் முதல். சர்க்கரை நோயில் கோவா 26.4, நாம் 26.3. இந்த எண்கள் வந்தபோது மாரடைப்பைப் பற்றியும் சிறுநீரகத்தைப் பற்றியும் பேசினோம், பேச வேண்டியதுதான். ஆனால் கொரோனா வந்துபோன பிறகும் உடம்பு தேறாமல் கிடப்பவர்களோடு இந்த எண்களுக்கு என்ன தொடர்பு என்ற கேள்வி பொதுவெளியில் என் காதில் விழவே இல்லை.

தொற்று தொடங்கி வழக்கமாக மூன்று மாதம் ஆன நிலையில் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதமாவது நீடித்து, வேறு எந்த நோயாலும் விளக்க முடியாத தொந்தரவு என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் இதற்கு வரையறை தந்தது. லாங் கோவிட் என்கிறார்கள். இங்கே மக்கள் சொல்வது வேறு: அசதி, மூச்சு வாங்குது, நெஞ்சு படபடங்குது, ஒண்ணும் ஞாபகத்துல நிக்கல, பழைய உடம்பா இல்லை.

யாருக்கு இது வர வாய்ப்பு அதிகம் என்பதில் இன்று ஓரளவு தெளிவு இருக்கிறது. 41 ஆய்வுகளை, எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2023இல் வந்த ஒரு பகுப்பாய்வு, பெண்களுக்கு வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்கிறது. மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்களுக்கு இரண்டரை மடங்கு. 40 வயதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள் எல்லாம் பட்டியலில் உண்டு. இரண்டு தவணை தடுப்பூசி போட்டவர்களுக்கு வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைவு. முதல் வாரத்திலேயே ஐந்துக்கு மேற்பட்ட அறிகுறிகள் தெரிந்தவர்களுக்கு நோய் நீளும் என்று பிரிட்டனில் 2021இலேயே கண்டார்கள்.

சர்க்கரையும் பருமனும் அதே பட்டியலில் இருக்கின்றன. ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அந்தப் பகுப்பாய்வில் பருமன் கூட்டும் வாய்ப்பு கொஞ்சம்தான், சர்க்கரை கூட்டுவது அதைவிடவும் கொஞ்சம். நம்முடைய 53 சதவீதம் ஆசியர்களுக்கென்று தாழ்த்திய அளவுகோலில் எடுத்தது, அந்தப் பகுப்பாய்வில் எடுத்துக்கொண்ட பருமன் இன்னும் கனமானது. ஆகவே, புதுச்சேரியில் சர்க்கரை அதிகம், அதனால் லாங் கோவிட்டும் அதிகம் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. என் கவலை வேறு. இந்த ஊரில் சர்க்கரை, லாங் கோவிட்டை மறைத்துவிடுகிறது. நாலில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும் ஊரில், அசதி என்று வருபவருக்குச் சொல்ல ஒரு விடை எப்போதும் கையிலேயே இருக்கிறது. சுகர் ஏறியிருக்கும். நோட்டைக் காட்டுங்கள். மாத்திரையைக் கூட்டி எழுதுகிறேன். அதோடு அந்த அசதியைப் பற்றிய விசாரணை முடிந்துவிடுகிறது.

பெரிய மார்க்கெட்டில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். இப்போது கூடையை இறக்கி வைக்க மகன் கூட வருகிறான். ஏன் என்று கேட்டேன். "அந்தக் கொரோனா ஜுரத்துக்கு அப்புறம் தூக்க முடியலப்பா. ரெண்டு நாள் ஏவாரம் பண்ணா மூணாம் நாள் எழுந்திருக்க முடியல" என்றார். டாக்டரிடம் சொன்னீர்களா என்றதற்கு, "சொன்னேன். சுகர்னாங்க. நானும் சுகர்னுதான் நினைச்சேன். ஆனா சுகர் எனக்குப் பத்து வருஷமா இருக்கே, அப்பல்லாம் தூக்கினேனே" என்றார். எந்த மருத்துவப் பாடப் புத்தகத்தையும் படிக்காமலே அவர் எழுப்பியது சரியான கேள்வி. காரணம் பத்து வருடமாக இருக்கும்போது விளைவு மட்டும் ஏன் திடீரென்று வந்தது? அவருக்கு இருப்பது லாங் கோவிட் என்று நான் சொல்ல முடியாது. ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். பார்க்கப்படவே இல்லை என்பதுதான் விஷயம். பெண், ஐம்பது வயது, சர்க்கரை என்று பட்டியலின் மூன்று வரிகள் ஒரே உடம்பில் இருக்கின்றன. அமெரிக்காவில் 12,000 பேருக்கு மேல் ஆராய்ந்து 2025 தொடக்கத்தில் வெளியான முடிவும், ஆண் பெண் வேறுபாடு 40 முதல் 54 வயதுக்குள் துலக்கமாகத் தெரிகிறது என்றே சொல்கிறது. அந்த வயதுப் பெண்ணின் அசதிக்குத்தான் நம்மிடம் காரணங்கள் தயாராக இருக்கின்றன: வயசு, மாதவிடாய் நிற்கும் காலம், வீட்டுக் கவலை.

இறப்பின் கணக்கு இப்படி இல்லை. கொரோனாவுக்குச் சிகிச்சை பெற்று 31 மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய 14,419 பேரை ஐ.சி.எம்.ஆர். ஓராண்டு பின்தொடர்ந்ததில் 6.5 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அங்கே முன்னால் நிற்பவர்கள் ஆண்கள், 60 தாண்டியவர்கள், வேறு நோய் உள்ளவர்கள். சாவில் ஆண்கள், நீளும் நோயில் பெண்கள். சாவை எண்ணும் அரசுக்கு முதலாவது தெரியும், இரண்டாவது தெரியாது.

இன்னொரு சிக்கல், காகிதம். ஜிப்மர் மருத்துவர்கள் 2020இல் புதுச்சேரி மாவட்டத்தில் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று மூன்று முறை சோதித்தார்கள். ஆகஸ்டில் 4.9 சதவீதம், செப்டம்பரில் 20.7, அக்டோபரில் 34.5. மூன்றே மாதத்தில், வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. அவர்களில் மிகப் பலர் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டவர்களே அல்லர். கபசுரக் குடிநீரும் பாரசிட்டமாலும் குடித்து வீட்டோடு இருந்தவர்கள். பாசிட்டிவ் என்ற சீட்டு அவர்களிடம் இல்லை. மருத்துவமனையில் படுத்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் படுக்காதவர்களின் எண்ணிக்கை மிகப் பெரிது என்பதால், உலகெங்கும் லாங் கோவிட்டில் இருப்பவர்களில் பெரும்பான்மையினர் லேசான தொற்று வந்தவர்களே. டிஸ்சார்ஜ் சம்மரி இருப்பவர்களை மட்டும் தேடினால் பெரும்பாலானோர் விடுபட்டுப் போவார்கள்.

அடுத்து வந்தது 2021 மே, டெல்டா அலை. கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி நிரம்பி வழிந்த நாட்கள். மே 7இல் பதவியேற்ற முதலமைச்சர் ரங்கசாமியே அடுத்த சில நாட்களில் தொற்றோடு சென்னை போனார். 18 வயது தாண்டிய எல்லோருக்கும் தடுப்பூசி திறந்துவிடப்பட்டதே அந்த மாதம்தான். கட்டாயத் தடுப்பூசி ஆணை அந்த ஆண்டு டிசம்பரில் வந்தது, அலை அடித்து ஓய்ந்து மாதங்கள் ஆன பிறகு. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களை ஆராய்ந்து 2024இல் வெளியான கணக்குப்படி, டெல்டா காலத்தில் தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்கு 9.5 பேருக்கும் போட்டவர்களில் 5.3 பேருக்கும் லாங் கோவிட் வந்தது. அங்குள்ள விகிதத்தை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் நம் ஊரில் பெரும்பாலானோரை டெல்டா பிடித்தபோது அவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதில் ஐயமில்லை.

புதுச்சேரிக்கு இந்த வகை நோய் புதிதா என்றால், இல்லை. 2006இல் சிக்குன்குனியா வந்தபோது தெருவுக்குப் பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். காய்ச்சல் நாலு நாள், மூட்டுவலி பல மாதம். அன்று யாரும் அதைப் பாசாங்கு என்று சொல்லவில்லை, ஏனென்றால் நடையில் தெரிந்தது. அதே காலத்தில் ரீயூனியன் தீவிலும் அந்த நோய் அடித்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழர்களின் வழிவந்தவர்கள் வாழும் தீவு அது. அங்கே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் வந்தது. மருத்துவர்கள் அதோடு விட்டுவிடவில்லை. ஒன்றேகால் வருடம் கழித்து நோயாளிகளைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வலி தொடர்ந்திருந்தது. 45 வயது தாண்டியவர்கள், தொடக்கத்திலேயே கடும் வலி இருந்தவர்கள், ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் என்று யாருக்கு நீளும் என்பதும் தெரிந்தது. வயது, முதல் தாக்குதலின் வேகம், முன்பே இருக்கும் நோய்: கொரோனாவிலும் ஏறக்குறைய அதே வரிசைதான். அவர்கள் செய்ததற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நமக்கு இன்னும் எளிது. நாம் தேட வேண்டியவர்களில் பலர் தாமாகவே மாதாமாதம் வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவில் சுகர் நோட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். அந்த நோட்டில் ரத்த அழுத்தம், எடை, வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லாம் எழுத இடம் இருக்கிறது. கொரோனாவுக்கு முன் செய்த வேலையை இப்போது செய்ய முடிகிறதா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் இடம் இல்லை. முடியவில்லை என்பவர்களுக்கு ஆறு நிமிட நடைச் சோதனை போதும். 30 மீட்டர் நீளத் தாழ்வாரம், இரண்டு முனையிலும் ஒரு அடையாளம், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், ஒரு கடிகாரம். எத்தனை மீட்டர் நடந்தார், ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது, நாடி எவ்வளவு ஏறியது என்று குறித்துக்கொண்டால், யாரை ஜிப்மருக்கு அனுப்ப வேண்டும் என்பதற்கு ஒரு தொடக்கம் கிடைத்துவிடும். கொரோனாவுக்குப் பிந்தைய தொந்தரவுகளுக்கென்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021இலேயே வழிகாட்டி வெளியிட்டது. அதைச் சுகர் வரிசைக்குக் கொண்டுவரும் வேலைதான் பாக்கி.

கேள்வி எதிர்த்திசையிலும் தேவை. கொரோனா வந்தவர்களுக்கு அடுத்த ஓராண்டில் புதிதாகச் சர்க்கரை வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் கூடுகிறது என்று 2022இல் வந்த ஆய்வு காட்டியது. புதுச்சேரி போன்ற ஊரில் அது சின்ன விஷயமே அல்ல.

ஆபத்துக் காரணிகளின் பட்டியலை யாரையும் குற்றம் சொல்லப் பயன்படுத்தக் கூடாது என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். தொப்பை போட்டாய், அதனால் அனுபவி என்று சொல்வதற்கு அது ஆயுதம் அல்ல. ஒல்லியான, புகைக்காத, முப்பது வயது ஆளுக்கும் இது வருகிறது. பட்டியலில் இல்லை என்பதற்காக அவரைத் திருப்பி அனுப்பினால் அதுவும் அநியாயம். எங்கே முதலில் தேடுவது என்று காட்டுவதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

கேட்காமல் விடுவதால் நேரடியான கெடுதலும் உண்டு. சுகர் வரிசையில் எல்லோருக்கும் கிடைக்கும் ஒரே அறிவுரை, தினமும் வேகமாக நடங்கள் என்பது. சர்க்கரைக்கு அது மிகச் சரி. ஆனால் லாங் கோவிட்டில் ஒரு வகையினருக்கு, சக்திக்கு மீறி உழைத்தால் அன்று ஒன்றும் தெரியாது, மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு அடியோடு விழுந்துவிடும். அவர்களை முடிந்த அளவுக்குள் நிற்கச் சொல்ல வேண்டும், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்யச் சொல்ல வேண்டும், இடையில் ஓய்வெடுக்கச் சொல்ல வேண்டும். உணவிலும் மாத்திரையிலும் சர்க்கரையைப் பிடிக்கும் வழியைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரே வரிசையில் முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு பேருக்கு நேர் எதிரான இரண்டு அறிவுரைகள் தேவைப்படலாம். யாருக்கு எது என்று கேட்டால்தான் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்.